கரடிக் கொப்பியின் பின்பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து சிரோக்கோ, ஆபிரிக்க மண் சுமந்து வரும் காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் மண்நிறம். திரும்பத் துவைக்க வேண்டும்.

சிஞ்ஞோரா ஒரு புதுக் கொப்பி தந்தார். அட்டையில் பெரிய எழுத்தில் 'கரடி' என்று இத்தாலியனில் எழுதியிருக்கிறார். முன்பக்கத்திலிருந்து வேட்டைப் பட்டியல்கள், இத்தாலியனில். பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? அங்கிருந்து நான், தமிழில். (சிஞ்ஞோரா இனி சி. முழுதாக எழுதக் கை உளைகிறது.)

சி.க்கு எழுபத்திரண்டு வயது. ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர். பலேர்மோவுக்கு வெளியே சியாகுல்லியில் நாரந்தோட்டத்து நடுவில் தனி வீடு. ஆறு வருடமாக நான் அங்கே வேலை. சி. முப்பது வருடமாக மலைப்பக்கம் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவர். கூடப் போகிற ஆண்களையெல்லாம் வாயாலேயே அடக்கி வைத்திருப்பவர். இப்போது கனடாவில் கறுப்புக் கரடி வேண்டுமாம். வசந்தகால வேட்டை, மே மாதம். ஒன்ராறியோவின் வடக்கே ஒரு ஏரிக்கரை முகாம். முழங்கால் சரியில்லாதபடியால் துணை இல்லாமல் முகாம்காரர் எடுக்க மாட்டார்கள். மிலானோவில் இருக்கும் மகன் ஃபோனில், "அம்மா, உங்களுக்கு மூளை கலங்கிவிட்டதா?" என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. சி. அழைப்பை வெட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

ஆகவே துணை நான். சமைக்க, மருந்து கொடுக்க, மரத்தில் கட்டிய பரணில் ஏறும்போது பின்னால் பிடிக்க.

உடனே ஓம் என்றேன். கரடிக்காக இல்லை. ரொறன்ரோவில் அக்கா இருக்கிறாள். பதினைந்து வருடமாக நேரில் பார்க்கவில்லை. போகும் வழியில் ரொறன்ரோவில் இரண்டு நாள் தங்கலாம் என்று சி. தானாகவே சொன்னார். பஸ்ஸில் வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்திருக்கிறேன் போல. பக்கத்தில் இருந்த பெண் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 5, வியாழன்

மழைத் தூறல். இன்று துவக்குகள்.

இரும்பு அலுமாரி. திறப்பு சி.யின் கழுத்துச் சங்கிலியில். சட்டம் அப்படி, அவர் மட்டும்தான் திறக்கலாம், தொடலாம். என் வேலை மேசையில் பழைய படுக்கைவிரிப்பு விரிப்பது, எண்ணெய்ப் போத்தலும் துணியும் எடுத்துக் கொடுப்பது, கொப்பியில் எழுதுவது.

எழுதியது:
பெரிய துவக்கு, தொலைநோக்கியோடு – 1
உதவித் துவக்கு – 1
பூட்டுள்ள கடினப் பெட்டி – 2 (ஒன்றின் பிணைச்சல் பழுது)
துவக்கை வெளிநாடு கொண்டுபோகக் குவெஸ்தூராக் (பொலிஸ்) காகிதம் – சி. போக வேண்டும்
ஒரேஞ்சு மேற்சட்டை
நுளம்பு வலைத்தொப்பி – 2
மழை உடுப்பு
இஞ்சி பிஸ்கட் (எனக்கு)

சி. குழலை வாய்ப்பக்கத்திலிருந்து கோல் விட்டுத் துடைக்கிறார். பின்பக்கத்திலிருந்துதான் விட வேண்டும், இல்லாவிட்டால் வாய் விளிம்பு தேயும். எனக்குக் கை துருதுரு என்றது. வாயைத் திறக்கவில்லை.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று இங்கேயாவது எழுதலாம். சண்டையின் கடைசி வருடம். வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கத்தார் வந்தார்கள். எங்கள் வீட்டில் நான் போனேன், பதினேழு வயது. மூன்று மாதம். சண்டைக்கு விடவில்லை. கை சின்னது, கவனமாகச் செய்கிறாள் என்று ஆயுதம் துடைக்கிற இடத்தில் இருத்தினார்கள். கழற்று, துடை, எண்ணெய் போடு, பூட்டு, அடுத்தது. நான் ஒருதரம்கூடச் சுடவில்லை. அது முடிந்தது, முகாம், கலியாணம், பலேர்மோ. இங்கேயும் துடைப்புதான், கண்ணாடியும் நிலமும். இவருக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். வேறு ஒரு குஞ்சுக்கும் தெரியாது.

மார்ச் 8, ஞாயிறு

நல்ல வெயில். தாசன் அண்ணை வீட்டுக்குப் போனோம். சீசாப் பகுதியில் எங்கள் தெருவுக்குப் பின் தெரு. பெர்மெசோ (வதிவிட அனுமதி), விசா, பள்ளிக்கூடம், எல்லா விண்ணப்பமும் தமிழ் ஆட்களுக்கு அவர்தான் நிரப்புவார். கனடா விசாப் படிவம் கணினியில். பெயர், பிறந்த இடம், வேலை எல்லாம் ஓடிற்று. பிறகு அந்தக் கேள்வி. எப்போதாவது இராணுவத்தில், ஆயுதம் தாங்கிய அமைப்பில் இருந்தீர்களா, பயிற்சி எடுத்தீர்களா.

நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார்.

தாசன் அண்ணை, "இதுக்கெல்லாம் யோசிக்கப்படாது தங்கச்சி. இல்லை எண்டு போடுங்கோ. எல்லாரும் அப்பிடித்தான் போடுறவை" என்றார். அவர் 'இல்லை' என்று போட்டார். சி.யின் கடிதம் வந்ததும் அனுப்பலாம், அதுவரை அப்படியே கிடக்கட்டும் என்றார்.

வழியில் இவர், "நீர் ஏன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறீர்? கேள்வி கேட்டவன் வன்னிக்கு வந்தவனே?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் பிட்டு, கத்தரிக்காய்.

மார்ச் 14, சனி

காற்றில்லை, குளிர். சுடும் பயிற்சித் திடல். சி.க்கு நான் பை தூக்கி. காதுக்கு மூடி தந்தார்கள், பெரிய பூரி மாதிரி இரண்டு.

சி. பெரிய துவக்கால் சுட்டார். நூறு மீற்றர். முதல் மூன்றும் வலப்பக்கம் மேலே. திருகி, திரும்பச் சுட்டார், இடப்பக்கம் கீழே. பிறகு ஒன்று எங்கே போனதென்றே தெரியவில்லை. பக்கத்து மேசையில் இருந்த ஒருவர் கூட்டாளியிடம், "வயது எல்லாருக்கும் வரும்" என்றார். மெதுவாகச் சொன்னதாக நினைப்பு. சி. காது மூடியை அப்போதுதான் கழற்றியிருந்தார்.

நான் பின்னால் நின்றேன். எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வெடிக்கும் தொலைநோக்கி வளையத்துக்குள் சறுக்குகிறது. வளையத்துக்கு முன்னால் குழாயில் நகம் அளவு பளபளப்பான கோடு, அது தேய்ந்த கோடு. ஆணி தளர்ந்திருக்கிறது. அவ்வளவுதான். பழுது சி.யின் கண்ணில் இல்லை.

வாய் திறந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். நான் காது மூடியைக் கையில் பிடித்தபடி மரம் மாதிரி நின்றேன்.

காரில் சி. மோட்டரைப் போடாமல் சுவிங்கம் ஒன்றை வாயில் போட்டார். "வதனி, என் கண் முடிந்துவிட்டது. காயப்படுத்திவிட்டுத் தப்ப விடுவதற்கு நான் போகக் கூடாது. முகாமுக்கு எழுதி நிறுத்திவிடுகிறேன்."

சி. சுவிங்கம் மென்றுகொண்டே அழுகிறவர் என்று இன்றுதான் தெரியும்.

மார்ச் 15, ஞாயிறு

ஒன்றும் இல்லை. இடியப்பம் அவித்தேன், உப்புப் போட மறந்துவிட்டேன். அக்காவின் அழைப்பு வந்தது, எடுக்கவில்லை. நான் ஒரு கோழை.

மார்ச் 16, திங்கள்

வேலைக்குப் போனவுடன், கோட்டைக் கழற்றாமலேயே சொன்னேன். யோசித்தால் சொல்ல மாட்டேன்.

"சிஞ்ஞோரா, உங்கள் கண் நல்லது. தொலைநோக்கி ஆடுகிறது. வளையத்து ஆணி தளர்ந்துவிட்டது."

சி. அலுமாரியைத் திறந்து, கண்ணாடி போட்டு, பார்த்தார். நகத்தால் அந்தக் கோட்டைத் தொட்டார். பிறகு ஆணித் திருகியால் ஒரு ஆணியைத் தொட்டார். முக்கால் சுற்று அப்படியே உள்ளே போயிற்று.

"யார் உனக்குச் சொன்னது?"

நின்றபடி முழுவதையும் சொன்னேன். இத்தாலியனில் அந்தக் கதைக்கு எனக்குச் சொல் இல்லை. 'வீட்டுக்கு ஒருவர்' என்பதற்கு ஐந்து நிமிடம் எடுத்தது. பதினேழு என்று விரலில் காட்டினேன், பத்து, பிறகு ஏழு. சி. இடையில் குறுக்கிடவில்லை. ஆறு வருடத்தில் முதல் தடவை.

முடிந்ததும் கேட்டார்: "அப்படியானால் நான் குழலைப் பிழையான பக்கத்திலிருந்து துடைப்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாயா?"

"ஓம்."

"எத்தனை வருடம்?"

"ஆறு."

"பாவி" என்றார். பிறகு கோப்பி போட்டு எனக்கு முதலில் ஊற்றினார். முகாமுக்கு எழுதிய கடிதத்தை அனுப்பவில்லையாம். தலையிலிருந்த தண்ணீர்ப் பானையை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது.

மார்ச் 21, சனி

திடல். வெயில். வளையம் இரண்டும் திடல்காரர் கழற்றிப் பூட்டித் தந்தார். சி. ஐந்து வெடி. ஐந்தும் ஒரு பிஸ்கட்டால் மூடலாம். 'வயது எல்லாருக்கும் வரும்' அன்றைய அதே மேசையில் இருந்தார். சி. இலக்குத் தாளைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, "இது உங்களுக்கு, வீட்டில் மாட்டுங்கள்" என்றார்.

வரும் வழியில் தோட்டத்துக் கடைசி நாரந்தம்பழம் ஒரு பை தந்தார். இனிப்பு.

மார்ச் 22, ஞாயிறு

அக்காவோடு கதைத்தேன். சி.க்குச் சொன்னதைச் சொன்னேன். படிவத்தில் 'இல்லை' என்று போட்டிருக்கிறது என்றும் சொன்னேன்.

இணையம் அறுந்துவிட்டதாக்கும் என்று ஹலோ ஹலோ என்றேன்.

"அனுப்பிட்டியே?"

"இன்னும் இல்லை."

"அனுப்பாதை. எடி, என்ர கேஸில உன்ர பேர் கிடக்கு."

கனடாவுக்குப் போனதும் அக்கா கொடுத்த அகதிக் கேஸ். தங்கச்சியைக் கொண்டுபோனவை, மூன்று மாதம் வைச்சிருந்தவை என்று என் பெயர், பிறந்த தேதி எல்லாம் போட்டு எழுதியிருக்கிறாள். அதை வைத்துத்தான் அவளுக்கு ஓம் என்று வந்ததாம். ஒரே நாட்டு அலுவலகத்தில் அக்கா தாளில் 'கொண்டுபோனவை', தங்கச்சி தாளில் 'இல்லை'. மயிரிழையில் தப்பினேன்.

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறது? உன்ர கதையை வித்துத்தானே நான் இஞ்சை இருக்கிறன்."

எனக்குக் கோபம் வந்ததா? வந்தது. சோறு வடிக்கும்வரை இருந்தது. பிறகு நினைத்தேன், அந்த மூன்று மாதத்தால் யாருக்காவது ஒரு நன்மை நடந்திருக்கிறதே. ஒவ்வொரு வருடமும் அடுத்த சமர் லீவுக்கு வாறன், அடுத்த சமர் லீவுக்கு வாறன் என்று அக்கா ஏன் வராமலே இருந்தாள் என்பதும் இப்போது விளங்குகிறது. மூஞ்சியைப் பார்க்கப் பயம்.

மார்ச் 24, செவ்வாய்

தாசன் அண்ணையிடம் போய் 'ஓம்' என்று மாற்றச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டு, "தங்கச்சி, உங்களுக்கு விசா வேணுமோ, பாவமன்னிப்பு வேணுமோ?" என்றார்.

"ரெண்டும் அண்ணை."

மாற்றினார். விளக்கக் கடிதம் ஒரு பக்கம். சி. தன் கடிதத்தில் ஆறு வருடம், நேர்மை, நம்பிக்கை என்று ரீச்சர் கையெழுத்தில் எழுதி, கடைசியில் 'இவர் இல்லாவிட்டால் நான் பரணிலிருந்து விழுவேன்' என்றும் சேர்த்திருக்கிறார். விண்ணப்பத்தை அனுப்பினோம். அக்கா சாட்சிக் கடிதம் எழுத வேண்டும், அதைப் பிறகு சேர்க்கலாமாம். ஓம் என்றாள். குரல் சின்னதாக இருந்தது.

மார்ச் 30, திங்கள்

விரல் அடையாளம் கொடுக்க ரோமுக்குப் போய் வந்தாயிற்று. கால் வீக்கம். ஒரு கோயிலும் பார்க்கவில்லை, ஒரு நீரூற்றும் பார்க்கவில்லை. வரிசை பார்த்தேன்.

ஏப்ரல் 6, திங்கள்

ஈஸ்டருக்கு அடுத்த நாள். பலேர்மோ முழுக்க இறைச்சி வாட்டும் புகை. சி. வீட்டு முற்றத்தில் நாங்கள் மூன்று பேரும். மகள் ஆரணிக்கு ஒன்பது வயது. சி. அவளை வைத்துக் கரடிப் படம் காட்டிப் பரீட்சை எடுத்தார். ஆண் எது, பெண் எது. குட்டியோடு நிற்கும் தாயைச் சுடவே கூடாது. சட்டமும் அது, சி.யின் சட்டமும் அது. அதனால் வந்தவுடன் சுடாமல், குட்டி பின்னால் வருகிறதா என்று காத்திருக்க வேண்டும்.

ஆரணி: "அம்மா, இது மாஸ்கியோ, காது ரெண்டும் தூரத் தூர இருக்கு." ஆண். சரி.

எனக்குப் பத்துக்கு ஆறு. இவருக்கு மூன்று. "எல்லாம் கறுப்பாத்தானே கிடக்கு" என்றார்.

வன்னிக் காட்டில் கரடி என்றால் சத்தம் போட்டுக்கொண்டு நட என்பார்கள், அது முகத்துக்குத்தான் வரும். கனடாவில் சத்தமே போடாமல் மணிக்கணக்கில் இருக்க வேண்டுமாம். சி.க்கு இதைச் சொன்னேன். நல்ல காலம் நீ என்னோடு முன்பே வரவில்லை என்றார்.

வீட்டுக்கு வந்தால் அக்காவின் கடிதம் ஃபோனில். ஆங்கிலத்தில் அவள் மகள் அடித்தது, கூடவே தமிழில் அக்கா கையால் எழுதியதன் படம். ஒரு பகுதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

"அவை தேடி வந்தது என்னைத்தான். நான் வைக்கோல் போருக்குள்ளை இருந்தனான். தங்கச்சி வாசலிலை நிண்டவள். அவளுக்குப் பதினேழு வயசு. 'அக்கா இல்லை, நான் வாறன்' எண்டு அவள் சொன்னது எனக்குக் கேட்டது. நான் வெளியிலை வரேல்லை."

அவளுக்குக் கேட்டது என்று எனக்குத் தெரியாது. இவ்வளவு காலமும் அவள் பின்வளவுக்கு ஓடிவிட்டாள் என்றே நினைத்திருந்தேன்.

குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். துக்கம் என்று சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

தாசன் அண்ணை கடிதத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "'நான் வாறன்' எண்டு சொன்னதெண்டு இருக்கே. அவன் இதை வாசிச்சால், விரும்பிப் போனவள் எண்டெல்லோ நினைப்பான். அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கோ."

இவர் என்னைப் பார்த்தார். "உம்மடை விருப்பம்" என்றார்.

அந்த வரியை எழுத அக்காவுக்குப் பதினேழு வருடம் எடுத்திருக்கிறது. எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. அப்படியே அனுப்புங்கோ என்றேன். அனுப்பியாயிற்று.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருடப்பிறப்பு. பொங்கல், வடை. சி.க்குக் கொண்டுபோனேன், மூன்று வடை சாப்பிட்டார். குவெஸ்தூராக் காகிதம் வந்துவிட்டது, இரண்டு துவக்கும் போகலாம். பெட்டிப் பிணைச்சல் சரி. மே 9 பயணம். என் ஈமெயிலில் ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு இருபது தடவை பார்க்கிறேன். ஒன்றும் வராதது நல்லது என்று இவர், எந்த ஆதாரமும் இல்லாமல்.

ஏப்ரல் 30, வியாழன்

வந்தது. மறுக்கவில்லை. மேலதிகமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது, எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது. தாசன் அண்ணை இரண்டு தரம் வாசித்தார். "மாசக்கணக்கு ஆகும் தங்கச்சி. ஆனா கதவு சாத்தேல்லை" என்றார். 'நான் சொன்னேன்தானே' என்று சொல்லவில்லை. நல்ல மனிதர்.

சி.யிடம் சொன்னேன். அடுத்த வசந்தத்துக்குத் தள்ளிப் போடலாம் என்றார். தன் தோளைப் பிடித்துக்கொண்டே சொன்னார். அந்தத் தோள் அடுத்த வசந்தம்வரை துவக்குத் தாங்குமா என்று வைத்தியர் சந்தேகப்பட்டது எனக்கும் தெரியும், நான்தானே கூடப் போனேன்.

"வேண்டாம். வேறு ஆள் தேடுவோம்" என்றேன்.

"ஒன்பது நாளில் யாரை? மகனையா?"

இருவரும் சிரித்தோம். சிரித்துவிட்டு நான் நிலம் துடைத்தேன், துடைத்த இடத்தையே திரும்பவும்.

பொய் எழுதியிருந்தால் அகப்பட்டிருப்பேன் என்று தெரியும். ஆனாலும் மனம் கேட்கிறதா. இன்று முழுக்க ரொறன்ரோ, ரொறன்ரோ என்று அடித்துக்கொண்டது. விசா இழுக்கிறது, சி.க்கு வேறு ஆள் தேடுகிறோம் என்று அக்காவுக்கும் எழுதிப் போட்டேன்.

மே 2, சனி

தெளிந்த வானம். துறைமுகத்தில் பெரிய உல்லாசக் கப்பல், இவருக்கு மேலதிக வேலை. காலை பத்து மணிக்கு அக்காவின் அழைப்பு. அங்கே விடிய நாலு மணி. பயந்துபோய் எடுத்தேன்.

"உன்ர மனுசிக்கு இன்னும் ஆள் தேவையோ?"

"எந்த மனுசிக்கு?"

"கரடி மனுசிக்கு. நான் லீவு எடுத்திட்டன். அத்தான் எயார்போட்டிலை மனுசியை ஏத்திக்கொண்டு முகாம் மட்டும் கொண்டுபோய் விடுறார்."

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. "அக்கா, உனக்கு நாயே பயம்."

"ஓம், பயம்தான்."

"இத்தாலியன் தெரியாதே."

"சமைக்கத் தெரியும். மருந்துப் பேர் எழுதி அனுப்பு. மனுசி இங்கிலிஷ் கொஞ்சம் கதைப்பாதானே?"

"கணக்குப் பாடம் எடுக்கிற மாதிரிக் கதைப்பா."

"பிறகு மனுசியோடையே பலேர்மோவுக்கு வாறன். இஞ்சத்தைப் பாஸ்போட்டுக்கு விசா தேவையில்லை. ரிக்கற் போட்டாச்சு. வந்து ரெண்டு கிழமை நிப்பன். உன்ர வீட்டிலை படுக்க இடம் இருக்கோ?"

இருக்கிறது என்றேன். இல்லை, ஆனால் இருக்கிறது.

பிறகுதான் முக்கியமானது ஞாபகம் வந்தது. "அக்கா, பரணிலை ஆடாமல் அசையாமல் இருக்கோணும். மணிக்கணக்கா. மூச்சும் கேக்கக்கூடாது."

"ஒளிச்சிருக்க எனக்குத் தெரியாதோ" என்றாள்.

ஆரணி அறைக்குள் கார்ட்டூன் பார்த்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அங்கே அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"அண்டைக்கு நீ போனனி, வதனி. இந்தமுறை நான் போறன்."

"போட்டு வா அக்கா" என்றேன்.